ரிசப்ஷனில் ஒரு நோம்பி நோட்டு

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையை இதுவரை மூன்று முறை மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பெரிதானதால் அல்ல. டாக்டர் சாய்கிருஷ்ணாவின் பெயருக்குப் பின்னால் வருகிற பட்டங்கள் நீண்டுகொண்டே போயின. மூன்றாவது பலகை வாட்ச்மேன் அறையின் ஜன்னலை மறைத்துவிட்டதால், வாட்ச்மேன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். டாக்டரின் அப்பா வெங்கடபதி பம்ப்செட் செய்து விற்றே மகனை மூன்று நாடுகளில் படிக்கவைத்தவர். அவர் மோட்டார்களின் மேல் ஒரே ஒரு எழுத்துத்தான் வார்த்திருக்கும். அவை இன்னும் ஓடுகின்றன என்று ஊரில் சொல்வார்கள். மகனைப் பற்றிப் பேச்சு வரும்போது கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்க எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: ‘பெண் என்றால் கர்ப்பிணி, இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை.’ கீழே டாக்டரின் கையெழுத்து. மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிற எந்த மாணவனுக்கும் யாராவது ஒரு சீனியர் காதில் போடுகிற வாக்கியம்தான் அது. அதற்குச் சட்டம் போட்டு மாட்டி, அடியில் கையெழுத்தும் போடலாம் என்று தோன்றியது சாய்கிருஷ்ணாவுக்கு மட்டும்தான்.

அந்தச் சட்டத்துக்குக் கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள் யுவஸ்ரீ. வயது இருபத்தாறு, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள், அந்த நாற்காலியில் நான்கு வருடம். பன்னிரண்டு வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை எந்தப் பெண் வந்தாலும், எதற்கு வந்தாலும், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் கேட்டுக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ‘தாய்மை முதலில்’ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். தேதி போடாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. காலில் முள் குத்தி வந்தவளுக்கும் தேதி. காதுக்குள் வண்டு புகுந்து அலறிக்கொண்டு வந்தவளுக்கும் தேதி. கண் அரிப்பு என்று வந்த ஒரு டீச்சரம்மா, கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, யுவஸ்ரீ சுவரைக் காட்டினாள். டீச்சரம்மா வாசகத்தைப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சிக்கல் என்னவென்றால், சுற்றுவட்டாரத்துப் பெண்கள் யாரும் தேதியாக நினைவு வைத்துக்கொள்வதில்லை. தூரமான, அதாவது மாதவிலக்கான, நாளில் கோயிலுக்குப் போக முடியாது. எதற்குப் போக முடியாமல் போனதோ, அது மறக்காது. காரமடைத் தேரன்னைக்கு, பாலமலைக்கு எல்லாரும் போனாங்க நான் போகல, எங்கூரு கம்பம் நட்ட மூனா நாளு, இப்படித்தான் பதில் வரும். முதல் மாதம் யுவஸ்ரீ திணறினாள். இரண்டாவது மாதம் ஒரு நீளநோட்டு வாங்கினாள். சுற்றியிருக்கிற அறுபத்துச் சொச்சம் ஊர்களின் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, நோட்டீஸ்களைச் சேகரித்து, பூச்சாட்டு என்றைக்கு, கம்பம் என்றைக்கு, மாவிளக்கு என்றைக்கு, மஞ்சள் நீராட்டு என்றைக்கு என்று கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டாள். பெண்கள் நோம்பியைச் சொல்லச் சொல்ல, இவள் நோட்டைப் பார்த்துத் தேதியைத் தட்டிவிடுவாள். கண்ணிமைக்கிற நேரம்தான்.

இந்த நோட்டு டாக்டருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் நூறு பெண்களுக்கு அறுபது பேரிடம்கூடச் சரியான தேதி வாங்க முடியவில்லை, தன் ஆஸ்பத்திரியில் மட்டும் தொண்ணூற்றெட்டு பேரிடம் வாங்குகிறார்கள் என்பதுதான். அதைக் கொண்டுபோய் சென்னையில் ஒரு மாநாட்டில் வாசித்தார். ஹைதராபாத்தில் வாசித்தார். நோயாளியோடு தான் உருவாக்கியிருக்கும் நம்பிக்கையின் விளைவு அது என்று விளக்கம் கொடுத்தார். அடுத்ததாக ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மண்டபத்தில், வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, பாராட்டு விழாவும் ஷீல்டும் இருந்தன.

அதற்கு முந்தின நாள், மே ஏழாம் தேதி புதன்கிழமை காலையில், கருப்பாத்தாள் வந்தாள்.

நாற்பத்தேழு வயது. தண்ணிக்காரன்புதூர். ஃபவுண்டரி ஒன்றில் மணலை அச்சில் அடித்துக் கோர் செய்கிற வேலை. இரவெல்லாம் வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. வலது பக்கம் இடுப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கோணலாக வைத்து நடந்து வந்தாள். பின்னால் அவள் புருசன் மாசாணம், ஒரு துணிப்பையோடு. பம்ப் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன்.

யுவஸ்ரீ வழக்கமான கேள்வியைக் கேட்டாள். கருப்பாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு, மாவிளக்கன்னைக்குத் தூரமாயிட்டேன் என்றாள். யுவஸ்ரீ நோட்டைப் புரட்டினாள். தண்ணிக்காரன்புதூர் மாரியம்மன், மாவிளக்கு, மார்ச் இருபத்தாறு, புதன். தட்டினாள். கணினி ஒரு நொடி யோசித்துவிட்டு, சிவப்புக் கட்டம் போட்டு, ‘42 நாள்’ என்று காட்டியது.

சிவப்புக் கட்டம் வந்துவிட்டால் அதன் பிறகு நடப்பதெல்லாம் தானாகவே நடக்கும். முப்பத்தைந்து நாளைத் தாண்டிய பெண்ணுக்கு, நாற்பத்தெட்டு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை செய்து, இரண்டிலும் கர்ப்பம் இல்லை என்று வந்தால் மட்டுமே சி.டி. ஸ்கேன்; அதன் கதிர்கள் கருவுக்கு ஆகாது. புத்தகத்தில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. இது டாக்டர் சாய்கிருஷ்ணா தானாகச் சேர்த்தது; புத்தகம் எழுதியவர்களுக்கு ஷீல்டு யாரும் கொடுப்பதில்லை.

முதல் பரிசோதனையில் இல்லை என்றே வந்தது. டாக்டர் அதை நம்பவில்லை. கர்ப்பம் குழாயில் தங்கியிருக்கலாம், அப்படியானால் அளவு மெதுவாகத்தான் ஏறும் என்றார். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற சாதாரண ஸ்கேனில் கேஸ் மறைத்தது. குழந்தையையும் காணவில்லை, குடல்வாலையும் காணவில்லை என்று அறிக்கை வந்தது. இரண்டுமே தெரியாதபோது டாக்டர் முதலாவதை எடுத்துக்கொண்டார். வலி மாத்திரைகளில் பாதி கர்ப்பத்துக்கு ஆகாது என்று நிறுத்தினார்கள். பாராசிட்டமால் மட்டும் ஏறியது. கருப்பாத்தாள் மூன்றாவது முறை வாந்தி எடுத்ததை நர்ஸ் மசக்கைக் கணக்கில் குறித்து வைத்தாள்: ‘காலை வாந்தி, மாலை 3.20.’

அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது என்று கருப்பாத்தாள் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்று நர்ஸ் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். அறையில் இருந்தது இரண்டு பேர்தான் என்றாலும், ஆஸ்பத்திரி மூன்றாவதாக ஒருவருக்குத்தான் பணிவிடை செய்துகொண்டிருந்தது. அவருக்கு வெளிச்சம் ஆகாது, மருந்து ஆகாது, அவசரமும் ஆகாது.

மாசாணத்துக்கு முதலில் விஷயம் புரியவில்லை. புரிந்ததும் மீசையை இரண்டு முறை நீவிக்கொண்டார். எதிர் டீக்கடைக்குப் போய், இப்பவே சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது திருப்பூரில் இருக்கிற மகன் அன்புமணிக்கு எட்டிவிட்டது. அவன் போன் செய்து, பேரன் பால்வாடி போகிற வயதில் இதெல்லாம் தேவையா என்று அப்பாவைக் கேட்டான். மாசாணம், கடவுள் குடுக்கறத வேண்டாங்க முடியுமாடா என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மாசாணம் ரிசப்ஷனுக்கு வந்து நின்றார். அவள் முனகுவது கூடியிருக்கிறது, எதாவது ஊசி போடச் சொல்லுங்கள் என்றார். முந்தின நாள் மீசையை நீவின கை இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. யுவஸ்ரீ வார்டுக்குப் போன் செய்து, ஊசிக்கு அனுமதி இல்லை என்ற பதிலை வாங்கினாள். அதைச் சொல்ல நிமிர்ந்தபோதுதான் அவருடைய வெள்ளைச் சட்டை கண்ணில் பட்டது. தோளிலிருந்து இடுப்பு வரை மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தது.

“சட்டையெல்லாம் என்னங்ணா மஞ்சளா?”

“நோம்பிதானுங் அம்மணி. மஞ்ச நீராட்டுல எங்கொழுந்தியா குண்டாவோட ஊத்திப்போட்டா. தொவைக்கறவ இங்க வந்து படுத்துட்டா, நானும் அப்படியே திரியறேன்.”

“எந்த நோம்பிங்?”

“எங்கூரு நோம்பிதான். போன வாரந்தானுங்களே முடிஞ்சுது.”

யுவஸ்ரீயின் கை நோட்டின் மேல் அப்படியே நின்றது. நோட்டீஸில் மார்ச் என்றுதானே இருந்தது என்று கேட்டாள். மாசாணம் விவரமாகச் சொன்னார். மார்ச் என்றுதான் அடித்தார்கள். அப்புறம் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் பழைய தர்மகர்த்தாவின் படத்தைவிடப் புதிய தர்மகர்த்தாவின் படம் அரை அடி உயரமாக இருந்தது. இரண்டு தரப்பும் கம்பத்தைப் பிடித்து இழுத்ததில் கம்பம் முறிந்தது. போலீஸ் வந்து, தாலுகா ஆபீசில் சமாதானப் பேச்சு வைத்து, இரண்டு படமும் ஒரே அளவில் போடுவதாக எழுதிக் கையெழுத்து வாங்கி, நோம்பியை முப்பத்தைந்து நாள் தள்ளிவைத்தார்கள். மாவிளக்கு ஏப்ரல் முப்பதாம் தேதி நடந்தது. இரண்டாவது நோட்டீஸ் ஊருக்குள் மட்டும்தான் கொடுத்தார்கள்.

ஏப்ரல் முப்பதிலிருந்து எண்ணினால் இன்றைக்கு ஒன்பதாவது நாள். பத்து நாளுக்குள் இருந்தால் எந்தக் கேள்வியும் இல்லாமல் சி.டி. எடுக்கலாம் என்பதும் டாக்டரின் விதிதான். அதாவது, நேற்றுக் காலை அவள் வந்த பத்தாவது நிமிடமே எடுத்திருக்கலாம்.

மாடிப்படியில் ஏறியதுகூட யுவஸ்ரீக்கு நினைவில்லை. கருப்பாத்தாள் முழங்காலை வயிற்றோடு சேர்த்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாவிளக்கு என்றைக்கு என்று யுவஸ்ரீ குனிந்து கேட்டாள்.

“போன பொதங்கெழமை இல்ல... அதுக்கு மின்னால பொதங்கெழமை.”

“நேத்து நீங்க அதச் சொல்லவே இல்லீங்ளே.”

“எந்த மாவெளக்குன்னு நீ கேக்கவே இல்லியே கண்ணு. நாஞ் சொல்றதுக்குள்ள எழுதிப்போட்ட.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் வயிற்றில் கொஞ்சம் இடம் வேண்டும். யுவஸ்ரீ போர்வையைச் சரிசெய்வதுபோல அவள் வயிற்றின் மேல் கை வைத்தாள். விறகுக்கட்டையின் மேல் கை வைத்ததுபோல் இருந்தது. கையை எடுத்தபோது கருப்பாத்தாள் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் சாய்கிருஷ்ணா தன் அறையில் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். மேசையில் பேச்சு அச்சடித்து வைத்திருந்தது. தலைப்பு: ‘மூவாயிரம் பெண்கள், மூவாயிரம் தேதிகள்.’ யுவஸ்ரீ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தேதி தப்பு, தப்பு தன்னுடையது, ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பதிவான தேதியை அப்படி மாற்ற முடியாது என்றார் டாக்டர். பொறுமையாகத்தான் சொன்னார். நோயாளி ஒரு நாள் ஒன்று சொல்வார், மறுநாள் வலி தாங்காமல் வேறொன்று சொல்வார், அதற்காகத்தானே விதி என்று ஒன்று இருக்கிறது. நாளைக் காலை இரண்டாவது பரிசோதனை வந்துவிடும். அது சரி, முதல் தேதியை அவள் எதை வைத்துப் பதிந்தாள்?

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யுவஸ்ரீக்கு இரண்டு நொடி இருந்தது. அவள் கக்கத்தில் இருந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் புரட்டினார். காரமடை, தேர். இடிகரை, பூச்சாட்டு. கட்டம் கட்டமாக நான்கு வருடம். ஓரிடத்தில் நோட்டீஸிலிருந்து வெட்டி ஒட்டின அம்மன் படம்கூட இருந்தது. அவர் பக்கங்களைத் திருப்பும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. சென்னையில் கை தட்டினார்கள். ஹைதராபாத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து நின்றே கை தட்டினார். அவ்வளவும் இந்த நீளநோட்டுக்கு.

“இது எத்தன பேருக்குத் தெரியும்?”

“எனக்கும் இப்ப உங்களுக்குந்தானுங் சார்.”

அவர் பேச்சின் அச்சுப்பிரதியைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு.

“சார், சாயங்காலம் பேசறப்ப வேணும்னா அந்த ஒரு தேதிய மட்டும் உட்டுப்போட்டுப் பேசிக்குங்க. மூவாயிரத்துல ஒன்னு கொறஞ்சா ஆருக்கும் தெரியாதுங்க. ஆனா அந்தம்மாவுக்கு வவுறு கட்டையாட்ட இருக்குதுங். தொட முடியில.”

டையின் முடிச்சில் இருந்த டாக்டரின் கை நின்றது.

“கட்டையாட்டன்னா? எப்ப இருந்து?”

“எனக்குத் தெரியாதுங். நான் இப்பத்தான் தொட்டேன். இதுக்கு மின்னால ஆராச்சும் தொட்டாங்களான்னும் தெரியாதுங்.”

தொட்டிருந்தார்கள். காலையில் டியூட்டி டாக்டர் தொட்டுவிட்டு, ‘வயிறு கனமாக உள்ளது’ என்று எழுதியிருந்தார். கர்ப்பத்துக்கு அது பொருந்தியது. சிவப்புக் கட்டம் போட்ட பிறகு எதுதான் பொருந்தாது?

சாய்கிருஷ்ணாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு வாய்தான் நீளம். கை நல்ல கை. பெயருக்குப் பின்னால் இரண்டே இரண்டு பட்டம் இருந்த காலத்தில் அந்தக் கையை நம்பித்தான் ஊர் வந்தது. அவர் டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். கருப்பாத்தாளின் வயிற்றை ஒரு விரலால் தொட்டு, மெதுவாக அழுத்தி, சட்டென்று விட்டார். அவள் போட்ட சத்தத்தில் மாசாணம் கதவோரம் உட்கார்ந்துவிட்டார். சி.டி.க்கு எடுத்துப் போங்கள் என்றார் டாக்டர்.

சி.டி. எடுக்கிற கணினி ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்புக் கட்டம் காட்டியது. தேதியைத் திருத்த டாக்டரின் கடவுச்சொல் வேண்டும். அவர் போட்டார். ‘திருத்தத்துக்கான காரணம்’ என்று அடுத்த கட்டம் திறந்தது. இருபது எழுத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும் என்று கேட்டது. அதையும் அவரேதான் வைத்திருந்தார், ஊழியர்கள் ஏனோதானோவென்று தேதி மாற்றக் கூடாது என்பதற்காக. டாக்டர் ஒரு நொடி பல்லைக் கடித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: ‘தண்ணிக்காரன்புதூர் மாரியம்மன் நோம்பி தள்ளிவைக்கப்பட்டதால்.’ கணினி ஏற்றுக்கொண்டது.

ஐந்து மணிக்கு ஆபரேஷன் தொடங்கியது. குடல்வால் வீங்கி, கருத்து, நுனியில் கசியத் தொடங்கியிருந்தது. முந்தின நாளே எடுத்திருந்தால் மூன்று சிறு துளையோடு முடிந்திருக்கும். இப்போது வயிற்றைத் திறந்து கழுவ வேண்டியதாயிற்று. ஏழரைக்கு வெளியே வந்து, பிழைத்துக்கொள்வாள் என்று மாசாணத்திடம் சொன்னார் டாக்டர். மாசாணம் கும்பிட்டார். குழந்தையைப் பற்றி அவர் கேட்கவில்லை. மறந்திருக்கலாம், அல்லது அந்த இரண்டரை மணி நேரத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் கணக்கில் இருந்திருக்கலாம். ஆர்.எஸ்.புரத்து ஷீல்டை டிரைவர் போய் வாங்கி வந்தார்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் கருப்பாத்தாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் அறிக்கையை டாக்டர் சொல்லச் சொல்ல யுவஸ்ரீ தட்டினாள். கர்ப்பம் இல்லை என்பது உரிய நெறிமுறைப்படி உறுதிசெய்யப்பட்ட பின் அறுவை சிகிச்சை நடைபெற்றது என்றார். தட்டினாள். தாமதத்துக்கான காரணம் என்ற இடம் வந்தது. நோயாளி தவறான தேதி கொடுத்ததால் என்றார்.

யுவஸ்ரீ தட்டவில்லை.

“அவங்க சரியாத்தான் சொன்னாங்க சார். தப்பா எழுதுனது நானு. எம்பேரப் போட்டுக்கறனுங்.”

டாக்டர் யோசித்தார். அவள் பெயரைப் போட்டால், எப்படித் தப்பு நடந்தது என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் நோட்டு வரும். நோட்டு வந்தால் சென்னையில் வாங்கிய கைதட்டல் போகும், ஹைதராபாத்தில் வாங்கியதும் போகும். தாமதம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போடச் சொன்னார். அவளை வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. இனி அந்த நோட்டில் இரண்டாவது நோட்டீஸ்களையும் சேர்க்கும்படி, தலையைத் தூக்காமல் சொன்னார்.

கருப்பாத்தாள் கீழே வந்து ரிசப்ஷன் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு சுற்று இளைத்திருந்தாள். யுவஸ்ரீ எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். தன்னால்தான் இரண்டு நாள் வீணாயிற்று என்றும், அதனால்தான் இவ்வளவு பெரிய தையல் என்றும், ஒன்றையும் விடாமல் சொன்னாள். கருப்பாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கையிலிருந்த அறிக்கையை நீட்டினாள்.

“அந்த ரெண்டு நாளப் பத்தி இதுல என்னன்னு போட்டிருக்குது?”

“ஒன்னுமே போடலீங்க்கா. தாமதம் இல்லைன்னு போட்டிருக்குது.”

“அப்பறம் நானெங்க படுத்திருந்தேன்?” கருப்பாத்தாள் தையலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கம்பெனில சூப்பர்வைசரு ஆபரேசனுக்குத்தான் லீவு குடுப்பான். அதுக்கு மின்ன ரெண்டு நாளு சும்மா நின்னுட்டன்னு சொல்லுவான். எழுதறதுன்னா நடந்தத எழுதிக் குடு கண்ணு. நீதான எழுதற.”

யுவஸ்ரீ மேசைக்குப் போனாள். ஆஸ்பத்திரியின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தாள். பட்டங்கள் எல்லாம் முடிந்து எழுத இடம் தொடங்குவதற்குள் தாளில் கால்வாசி போய்விட்டிருந்தது. மீதியில் எழுதினாள்: ‘மே 7, 8 ஆகிய இரண்டு நாட்களும் இவர் கடுமையான வயிற்று வலியோடு எங்கள் மருத்துவமனையில் இருந்தார். நாங்கள் தேதியைத் தவறாகப் பதிந்ததால் காத்திருக்க வைத்தோம்.’ கீழே தன் பெயரை முழுதாக எழுதி, டாக்டரின் ரப்பர் ஸ்டாம்பை மையில் நன்றாக ஒற்றி, பக்கத்தில் குத்தினாள்.

கருப்பாத்தாளுக்குப் படித்துக் காட்டினாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள் கருப்பாத்தாள். படித்தாள். கருப்பாத்தாள் தாளை நான்காக மடித்து மாசாணத்திடம் கொடுத்து, சட்டைப் பையில் வேண்டாம், துணிப்பைக்குள் வை, வேர்வை பட்டு அழிந்துவிடும் என்றாள்.